பல்கலைக்கழகப் பணியாளர் சபையும் அதன் பிரதிநிதியும்

பல்கலைக்கழகப் பணியாளர் சபை என்பது, ஓர் உயர்கல்வி ஸ்தாபனத்தில் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் தமக்குரிய தொழிலாகக் கொள்ளாது, அவ்விரண்டும் தடையின்றி நடைபெறுதற்கு வேண்டிய ஏனைய காரியங்களையெல்லாம் ஆற்றிவரும் சிப்பந்திகள், தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகளால் அமைந்து, நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறும் சபையாகும். எழுத்தர், கணக்கர், நூலகத்தார், ஆய்வுக்கூட உதவியாளர், மின்வேலை செய்வோர், குழாய் பழுது பார்ப்போர், தோட்டக்காரர், காவலர், நள்ளிரவில் வந்து வகுப்பறைகளைப் பெருக்கித் துடைப்போர் ஆகிய பல தரத்தாரும் இதன் வாக்காளராவர். நம் நாட்டில் ஆசிரியரல்லாத பணியாளர் என்ற பெயரால் வழங்கும் வகுப்பினர் பெரும்பாலும் இவர்களே. ஆயினும் இங்கே அவர்கள் சங்கமாகக் கூடிக் கோரிக்கை வைப்பது வழக்கமாயிருக்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், விசேஷமாக மாநில அரசுகளின் பல்கலைக்கழகங்களில், ஸ்தாபனத்தின் அங்கமாகவே இத்தகைய சபையொன்று இயங்குவது பெருவழக்காயிற்று. இக்கட்டுரை அவ்வமெரிக்க வடிவத்தையே பொருளாகக் கொண்டு, வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சற்று விரித்துரைக்கின்றது.

தோற்றம்

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆளுகையில் அறங்காவலர், தலைவர், ஆசிரியர் என்னும் மூவர்க்கும் உரிய ஸ்தானம் நெடுநாட்களுக்கு முன்பே வரையறை பெற்றுவிட்டது. 1915-ல் தோன்றிய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், வேறு இரண்டு அமைப்புகளோடு கலந்து 1966-ல் உருவாக்கிய ஆளுகை பற்றிய அறிக்கை, அம்மூவருடைய அதிகாரப் பங்கீட்டை விரிவாக ஆராய்ந்து, மாணவர் நிலை குறித்தும் ஒரு சிறு பகுதி சேர்த்தது. சிப்பந்திகளுக்கென்று அதில் தனிப்பகுதி எதுவும் இல்லை. பல்கலைக்கழகம் என்றால் ஆசிரியரும் மாணவரும் கூடிய சமூகம் என்றும், மற்றையோர் அச்சமூகத்துக்குச் சேவகம் செய்பவர் என்றும் அறிவுடையோரும் எண்ணியிருந்த காலம் அது. அவ்வெண்ணம் பிழையானது என்பதை விவாதங்கள் அல்ல, வேலைநிறுத்தங்களே உணர்த்தின என்பதை இவ்வரலாறு காட்டும்.

சட்டத்தின் நிலையும் அவ்வெண்ணத்துக்குத் துணைபோயிற்று. தனியார் தொழிலாளர்க்குக் கூட்டுப்பேர உரிமை அளித்த 1935-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம், மாநில அரசுகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டதால், மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்க்கு அவ்வுரிமை உண்டா இல்லையா என்பது அந்தந்த மாநிலச் சட்டசபையின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று. தனியார் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. 1970-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தைப் பற்றிய வழக்கில் தேசியத் தொழிலுறவு வாரியம் அவை தன் அதிகாரத்துக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே சட்டம், முதலாளி தாமே தோற்றுவித்து, தாமே பொருளுதவி செய்து, தம் விருப்பப்படி நடத்தும் தொழிலாளர் அமைப்பைத் தடை செய்கின்றது. 1992-ல் எலெக்ட்ரோமேஷன் என்னும் கம்பெனியின் வழக்கில் வாரியம் இத்தடையை வலியுறுத்தியது. அதன்பின் தனியார் பல்கலைக்கழகத்துப் பணியாளர் சபை ஊதியம், வேலை நேரம் ஆகியவற்றைப் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேசுவதுபோன்ற தோற்றத்தைக் கூடத் தவிர்த்து நடக்க வேண்டியதாயிற்று. ஆகவே, ஊதியத்தைப் பற்றியே வாய்விட்டுப் பேசக்கூடிய சபைகளை மாநிலப் பல்கலைக்கழகங்களிலேயே மிகுதியாகக் காண்கிறோம்.

வட கரோலினாவில் சட்டம் இன்னும் கடுமையானது. 1959-ல் அம்மாநிலச் சட்டசபை, அரசு ஊழியர் தொழிற்சங்கத்தில் சேர்வதையே தடுத்ததோடு, எந்த அரசு நிறுவனமும் தொழிற்சங்கத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்றும் விதித்தது. சங்கத்தில் சேர்வதற்கு இருந்த தடையை 1969-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று நீக்கிவிட்டது. ஒப்பந்தத் தடை மட்டும் நிலைத்து நின்றது. இதனால் அம்மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத் துப்புரவுப் பணியாளர் சங்கத்தில் அங்கத்தினராயிருக்கலாம், சந்தா செலுத்தலாம், ஊர்வலம் போகலாம். ஆனால் அச்சங்கம் அவர் சார்பாக ஒரு வரிகூட ஒப்பந்தம் எழுத இயலாது.

சாப்பல் ஹில்

1789-ல் சாசனம் பெற்று 1795-ல் மாணவரைச் சேர்த்துக்கொண்ட இப்பல்கலைக்கழகத்தின் முதற்கட்டடங்களை எழுப்புவதில் அடிமைகளாயிருந்த கறுப்பு மக்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. அவர்களையும், விடுதலைக்குப்பின் ஊழியம் செய்த அவர் வழியினரையும் நினைவுகூரும் பொருட்டு, 2002-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மாணவர்கள் அளித்த நன்கொடையால் வளாகத்தின் பழைய பகுதியில் ஒரு சின்னம் அமைக்கப்பெற்றது. டோ ஹோ சூ என்னும் சிற்பி வடித்த அதில், கரிய கல்லாலான வட்டமேசை ஒன்றை முந்நூறு சிறு வெண்கல உருவங்கள் தம் உயர்த்திய கைகளால் தாங்கி நிற்கின்றன. மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவோர் குனிந்து பார்த்தாலன்றித் தாங்குவோரின் முகங்கள் தெரியா.

தாங்குவோர் தாமே பேசத் தொடங்கியது 1930-ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய துப்புரவாளர் சங்கத்தோடு என்னலாம். கெனன் சீக் என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். சலவைக்கூடத்தில் பணியாற்றி, பிற்காலத்தில் பணியாளர் உரிமைக்குக் குரல் கொடுத்த ரெபெக்கா கிளார்க்கின் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து இன்று வளாகத்துக் கட்டடம் ஒன்றுக்கு இடப்பெற்றுள்ளன. ஆனால் ஊரறிய நிகழ்ந்த பெருநிகழ்ச்சி 1969-ல் நடந்த உணவுக்கூடப் பணியாளரின் வேலைநிறுத்தமேயாகும். கூடுதல் நேரத்துக்குக் கூலி இன்மை, ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தற்காலிகப் பணியாளராகவே வைக்கப்பெற்றமை, மேற்பார்வையாளரின் அவமதிப்பு ஆகிய குறைகளை அவர்கள் முந்திய ஆண்டிலேயே எழுத்து மூலமாக நிர்வாகத்துக்குத் தெரிவித்திருந்தனர். தக்க பதில் வரவில்லை. 1969 பெப்ரவரி 23 அன்று, லெனாயர் கூடத்தில் மாலை உணவைப் பரிமாறுதற்கு எல்லாம் ஆயத்தம் செய்து வைத்துவிட்டு, அப்பணியாளர்கள் பரிமாறும் இடத்தை விட்டு நடந்து வந்து, நாள்தோறும் தாம் துடைத்துவந்த மேசைகளிலேயே அமர்ந்துவிட்டனர். கறுப்பு மாணவர் இயக்கம் அவர்களோடு நின்றது. ஆளுநர் நெடுஞ்சாலைக் காவலரை வளாகத்துக்கு அனுப்பினார். இறுதியில் மாநில ஊழியரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 80 செண்டாக உயர்த்தப்பெற்றபின் மார்ச்சு மாதத்தில் வேலைநிறுத்தம் முடிவுற்றது. அதன்பின் பல்கலைக்கழகம் உணவுக்கூடத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க, அவ்வாண்டு நவம்பரில் இரண்டாவது வேலைநிறுத்தம் மூண்டது.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது கூலியின் அளவன்று, எழுதிக் கொடுத்த குறைகளுக்குப் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லாதிருந்த நிலையே. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்வதும், அதனை ஓர் அலமாரியில் வைத்துவிடுவதும் நிர்வாகத்தின் விருப்பமாயிருந்தன. பணியாளர் சபை என்னும் ஏற்பாட்டின் முழுப்பயனும் இக்குறையை நீக்குவதில்தான் அடங்கியிருக்கிறது. அதற்கு வாக்குரிமை இல்லை, நிதியதிகாரம் இல்லை, ஆணையிடும் ஆற்றல் இல்லை. கேட்ட கேள்விக்கு, பலர் முன்னிலையில், குறிப்பேட்டில் பதியுமாறு, பொறுப்புள்ள ஒருவரிடமிருந்து பதில் பெறும் உரிமை ஒன்றே அதற்கு உண்டு.

சாப்பல் ஹில்லில் அவ்வுரிமை வடிவம் பெற மேலும் இருபதாண்டுக்கு மேல் சென்றது. 1991-ல் துப்புரவுப் பணியாளர்கள் ஊதியமும் நடத்தையும் பற்றி முறைப்படி குறைமனு அளித்து நீண்ட வழக்கைத் தொடங்கினர். பால் ஹார்டின் சான்சலராயிருந்த காலத்தில், 1992-ல், பணியாளர் மன்றம் நிறுவப்பெற்றது. (அம்மாநிலத்தில் சான்சலர் எனப்படுபவர், நம் நாட்டுத் துணைவேந்தரைப் போல, அன்றாட நிர்வாகத்தின் தலைவராவார்.) துப்புரவுப் பணியாளரின் வழக்கு 1996-ல் ஊதிய உயர்வும் பயிற்சி வசதியும் அடங்கிய சமரசத்தில் முடிந்தது. மன்றமும் வழக்கும் ஒன்றற்கொன்று மாற்றாக அமையவில்லை; வழக்காடியவர்களின் உறுதி இல்லாதிருந்தால் மன்றத்தின் சொல்லுக்கு நிர்வாகம் அத்துணை செவிசாய்த்திருக்குமா என்பது ஐயமே.

பிரதிநிதியின் கடமை

பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை இடத்துக்கு இடம் வேறுபடும். சில பல்கலைக்கழகங்களில் எழுத்துப்பணி, கைத்தொழில், நுட்பப்பணி என்று வேலைவகையால் தொகுதி பிரிப்பர். சிலவற்றில் துறைகளையும் அலுவலகங்களையும் கொண்டு பிரிப்பர். பதவிக்காலம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. ஒருசேர அனைவரும் விலகிவிடாதபடி ஆண்டுதோறும் ஒரு பகுதியினர் மட்டும் புதிதாக வருவர். இப்பணிக்குத் தனி ஊதியம் கிடையாது. கூட்டம் மாதம் ஒருமுறை, வேலை நேரத்திலேயே கூடும். அதற்குச் செல்லும் நேரமும் வேலை நேரமாகவே கணக்கிடப்பெறும் என்று விதிகள் கூறும்.

ஆனால் விதியில் உள்ளதற்கும் நடைமுறையில் கிட்டுவதற்கும் இடையே மேற்பார்வையாளர் ஒருவர் நிற்கிறார். மேசையில் அமர்ந்து எழுதும் உத்தியோகஸ்தர் இரண்டு மணி நேரம் எழுந்து செல்வது எளிது. அவர் விட்டுச்சென்ற காகிதம் மாலைவரை காத்திருக்கும். கழிவறைகளையும் மாடிப்படிகளையும் நேரக் கணக்கோடு துப்புரவு செய்யும் பணியாளர் எழுந்து சென்றால், அவர் பங்கு வேலை பக்கத்திலிருப்பவர் தலையில் விழும். இதனால், யார் குறை மிகுதியோ அவர்களே சபைக்கு வருவதில் மிகக் குறைந்தவராயிருப்பது இச்சபைகளின் நிலையான நோய். தலைமை நிர்வாகி கையொப்பமிட்ட கடிதம் ஒன்று ஒவ்வொரு பிரதிநிதியின் மேற்பார்வையாளருக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே செல்லுமாறு செய்வதும், அன்றைய வேலைக்கு மாற்றாள் ஏற்பாடு செய்யுமாறு துறையைக் கேட்பதும் சிறு காரியங்களாகத் தோன்றலாம். சபையின் நேர்மை அவற்றைப் பொறுத்தே உள்ளது.

வேறொரு தடை நேரத்தைப் பற்றியது. காலைக் கூட்டம் என்பது அலுவலகத்தார்க்கு நாளின் தொடக்கம். இரவு முழுதும் உழைத்தவர்க்கோ அது உறங்க வேண்டிய வேளை. ஆகவே நல்ல பிரதிநிதி தம் தொகுதியார் தம்மைத் தேடி வருவர் என்று காத்திராமல், முறைமாறும் நேரத்தில், வருகை பதியும் இடத்துக்குத் தாமே செல்வார். அங்கே பேசுமொழியும் ஒன்றாயிராது. சாப்பல் ஹில் துப்புரவுப் பணியாளரில் ஸ்பானிய மொழி பேசுவோரும், பர்மாவிலிருந்து அகதிகளாக வந்து பர்மிய மொழியும் கரேன் மொழியும் பேசுவோரும் பலர். மொழிபெயர்ப்பாளர் இன்றி அவர்களிடம் நீட்டப்படும் விண்ணப்பத்தாள் வெறுந்தாளுக்குச் சமம். அம்மொழிபெயர்ப்பாளரும் அவர்களுடைய மேற்பார்வையாளராக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கேட்டதைக் கேள்வியாக்குவது பிரதிநிதியின் அடுத்த கலை. வாகனம் நிறுத்தும் கட்டணம் அதிகம் என்று ஒருவர் முறையிடுகிறார் என்று கொள்வோம். அமெரிக்க வளாகங்களில் இதைவிட ஓயாத குறை வேறில்லை. வேலைக்கு வருவதற்கே ஊழியர் பணம் செலுத்த வேண்டியிருப்பது நம் வாசகர்க்கு வியப்பாயிருக்கும். சாப்பல் ஹில்லில் இக்கட்டணம் ஊதியத்துக்கேற்ற படிமுறையில் விதிக்கப்பெறுகிறது. எனினும் குறைந்த ஊதியக்காரர்க்கு அதுவும் பாரமாயிருந்ததால், 2022-ல் துப்புரவுப் பணியாளர்கள் மணிக்கு 20 டாலர் கூலியோடு இலவச வாகன நிறுத்தத்தையும் கோரிக் கிளர்ச்சி செய்தனர். இத்தகைய முறையீட்டை அப்படியே சபையில் எடுத்துரைத்தால், அனுதாபத்தோடு கேட்டு மறந்துவிடுவர். முறையிட்டவர் எந்நேரம் வந்து எந்நேரம் போகிறார், அந்நேரத்தில் பஸ் ஓடுகிறதா, எந்த நிறுத்தத்துக்கு அனுமதிச்சீட்டு பெற்றிருக்கிறார், அங்கிருந்து பணியிடத்துக்கு எவ்வளவு தூரம், கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எந்தக் குழுவுக்கு உரியது, அக்குழு எந்த மாதத்தில் முடிவெடுக்கும் என்பனவற்றை அறிந்து, 'கடைசிப் பஸ் சென்றபின் பணி முடிப்போர் எத்தனை பேர், அவர்களுக்கு மட்டும் கட்டணத்தைக் குறைப்பதற்கு எவ்வளவு செலவாகும்' என்று எழுத்தில் கேட்டால், போக்குவரத்து அதிகாரி தொகைகளோடு வந்து நின்றுதான் ஆக வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவர் வராவிடின், வரவில்லை என்பதே குறிப்பேட்டில் ஏறும்.

சலுகைகள் காகிதத்தில் இருப்பதும் கைக்கு எட்டுவதும் வேறு என்பதைக் கல்விச் சலுகை நன்கு விளக்கும். வட கரோலினாப் பல்கலைக்கழக அமைப்பில், தகுதியுள்ள ஊழியர் ஆண்டுக்கு மூன்று பாடங்கள் வரை கட்டணமின்றிப் படிக்கலாம். பட்டதாரிகளான அலுவலர் இதனைப் பயன்படுத்தி மேற்பட்டம் பெறுவதுண்டு. தொடக்கக்கல்வியோடு நின்றுவிட்ட பணியாளர்க்கோ, பாடத்துக்குமுன் ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலத்துக்குமுன் ஓய்வுநேரம் வேண்டும். இவ்விடைவெளியைக் கண்டு, எழுத்தறிவு வகுப்பும் நேரச் சலுகையும் கோருவது பிரதிநிதியே அன்றி வேறெவரும் மேற்கொள்ளக்கூடிய காரியம் அன்று.

பிரதிநிதி செய்யலாகாதனவும் உண்டு. தனியொருவர்க்கும் அவர் மேலதிகாரிக்கும் இடையே நேர்ந்த வழக்கைச் சபையில் விவாதிப்பது முறையன்று. அதற்குக் குறைதீர் நடைமுறையும், பல இடங்களில் நடுநிலை அதிகாரி ஒருவரும் உண்டு. அங்கே வழிகாட்டி அனுப்புவதும், அறிந்ததை வெளியிடாதிருப்பதும் அவர் பொறுப்பு. நிர்வாகத்தின் வாக்குறுதியைத் தம் வாக்குறுதியாகத் தந்துவிடுவதும் அபாயமானது. சான்சலரோடு ஒரே மேசையில் அமர்ந்து பெயர்சொல்லி அழைக்கப்பெறும் கௌரவத்தில் மகிழ்ந்து, கேட்க வந்த கேள்வியை மென்மையாக்கிவிடுவது எல்லாவற்றினும் பெரிய அபாயம். பதில் சாதகமாயினும் பாதகமாயினும் அதனைக் கேட்டவரிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும் வரையில் காரியம் முடிந்ததாகாது. இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். விட்டவர் தொகுதியில் அடுத்த தேர்தலில் வாக்களிப்போரும் குறைந்துவிடுவர்.

சில விஷயங்களில் சான்சலர்க்கும் அதிகாரம் இல்லை. மாநில மனிதவளச் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியரின் ஊதிய உயர்வைச் சட்டசபையே தீர்மானிக்கிறது. 2009-ல் வருவாய் குறைந்தபோது ஆளுநர் மாநில ஊழியரின் ஆண்டு ஊதியத்தில் 0.5 சதவீதத்தைக் குறைத்து, ஈடாகப் பத்து மணி நேர விடுப்பு அளித்தார். எந்த வளாகத்து மன்றமும் அதனைத் தடுத்திருக்க முடியாது. இத்தகைய விஷயங்களில் வளாகந்தோறும் தனித்தனியே பேசுவது போதாதென்பதை உணர்ந்தே, எர்ஸ்கின் போல்ஸ் என்பவர் பல்கலைக்கழக அமைப்பின் தலைவராயிருந்தபோது, 2006-ல், மாநிலம் முழுவதற்கும் பொதுவான பணியாளர் பேரவை ஏற்படுத்தப்பெற்றது. இன்று பல்கலைக்கழக அமைப்பின் பதினேழு நிறுவனங்களிலிருந்தும் அதற்குப் பிரதிநிதிகள் செல்கின்றனர்.

பிற இடங்களில்

கார்னெல் பல்கலைக்கழகத்தில், 1969-ல் மாணவர் கட்டடமொன்றைக் கைப்பற்றிய கொந்தளிப்பின் விளைவாக, ஆசிரியரும் மாணவரும் பணியாளரும் கூடிய செனட் ஒன்று 1970-ல் அமைந்து, 1977 வரை நடந்தது. 1981-ல் பணியாளர்க்கெனத் தனிப் பேரவை தோன்றியது. அறங்காவலர் குழுவிலேயே, பணியாளர் தேர்ந்தெடுக்கும் ஒருவர் வாக்குரிமையோடு அமர்வது அங்குள்ள சிறப்பு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வளாகத்துப் பணியாளர் சபையும் அனுப்பும் பிரதிநிதிகளைக் கொண்ட கூட்டவை 1975 முதல் இயங்குகிறது. ஆட்சிக்குழுவுக்குப் பணியாளர் ஆலோசகர் இருவரை நியமிக்கும் வழக்கம் 2005-ல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2007-ல் நிரந்தரமாயிற்று. இவர்களுக்குப் பேசும் உரிமை உண்டு, வாக்கு இல்லை. கலிபோர்னியாவில் 1979 முதல் உயர்கல்வி ஊழியர்க்குக் கூட்டுப்பேர உரிமை இருப்பதால், சங்க ஒப்பந்தத்துக்கு உட்படாத பணியாளரின் குரலாகவே இச்சபைகள் பெரிதும் விளங்குகின்றன. விஸ்கான்சினில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு ஊழியரின் பேர உரிமையைப் பெரும்பாலும் பறித்துக்கொண்டது. 2015-ல் அங்கே, முன்பு வேறு பெயரால் வழங்கிய பணியாளர் வகுப்பினர் பல்கலைக்கழகப் பணியாளர் என்னும் புதுப்பெயரோடு ஆளுகையில் பங்கு பெற்றபோது, அவ்வாண்டின் வரவுசெலவுச் சட்டம் அப்பங்கினை ஆலோசனை அளவுக்குக் குறுக்கிவிட்டது.

தொழிற்சங்கத்தார் பலர் இச்சபைகளைச் சந்தேகத்தோடு நோக்குவர்: நிர்வாகம் தானே அமைத்துத் தானே இடமளித்து நடத்தும் சபை, உண்மையான சங்கம் தோன்றாதபடி செய்யும் உபாயம் என்பது அவர்கள் கூற்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சங்கத்துக்கு ஒப்பந்த உரிமை உள்ள இடத்தில் சபையை அதற்கு ஈடாகக் காட்டுவது அநீதி. ஆனால் அவ்வுரிமையைச் சட்டமே மூடிவிட்ட மாநிலத்தில், பதில் பெறும் உரிமையையும் வேண்டாமென்று தள்ளிவிடுவது உழைப்போர்க்கு நன்மை தராது. சங்கத்தில் அங்கத்தினராயிருந்துகொண்டே சபையிலும் பிரதிநிதியாயிருப்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை.

இவ்வேற்பாட்டின் மிகப்பெரிய குறை வேறிடத்தில் உள்ளது. உணவுக்கூடம், காவல், துப்புரவு ஆகிய பணிகளை வெளி நிறுவனங்களுக்குக் குத்தகையாக விடும் வழக்கம் பரவப் பரவ, அதே வளாகத்தில், அதே கட்டடத்தில், அதே வேலையைச் செய்வோர் சட்டப்படி பல்கலைக்கழகத்தின் பணியாளராயிராமல் போகின்றனர். அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாது. அவர்களுக்காகக் கேள்வி கேட்டால், அது குத்தகை நிறுவனத்தின் உள்விவகாரம் என்ற பதில் வரும். குத்தகை ஒப்பந்தங்களில் குறைந்தபட்சக் கூலியும் குறைதீர் முறையும் நிபந்தனையாகச் சேர்க்கப்பெற வேண்டுமென்று சபையே நிர்வாகத்தைக் கோருவதும், அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேச இடமளிப்பதும் பிரதிநிதியால் இன்று செய்யக்கூடியன. வாக்காளர் பட்டியலை அவர்களுக்கும் திறந்துவிடுவதற்குச் சபைகளின் விதிகளையே திருத்த வேண்டும்.